படம் எங்கே போயிற்று?

சங்க விழா மேடைகளில் குத்துவிளக்குக்கு அடுத்தபடியாக இப்போது தவறாமல் இடம்பெறும் பொருள் வெள்ளைத் திரை. ஆண்டறிக்கை வாசித்தாலும் சரி, அறுபது நிறைந்த உறுப்பினருக்கு வாழ்த்துச் சொன்னாலும் சரி, பிள்ளைகள் பாரதியைப் பற்றிப் பேசினாலும் சரி, பின்னால் பவர்பாயிண்ட் ஓடியாக வேண்டும். ஓடுகிறது. ஐந்தாவது ஸ்லைடிலோ ஆறாவதிலோ, படம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு வெற்றுக் கட்டமும் அதன் மூலையில் சின்னதாக ஒரு சிவப்புப் பெருக்கல் குறியும் வந்து நிற்கின்றன. சபையில் சிரிப்பு. "வீட்டில் பார்த்தபோது நன்றாகத்தானே வந்தது!" என்று பேச்சாளர் மைக்கிலேயே சொல்வார்.

அவர் சொல்வது உண்மைதான். வீட்டில் நன்றாகத்தான் வந்திருக்கும். அந்த வாக்கியத்துக்குள்ளேயே நோயின் காரணம் ஒளிந்திருக்கிறது. கம்ப்யூட்டர் என்றாலே ஒதுங்கிக்கொள்ளும் அன்பர்களும் இதைப் படிக்கலாம். மெஷினைப் பற்றிக் கொஞ்சம் பேசினாலும், பெரும்பகுதி நம் சங்கத்துப் பழைய போட்டோக்களைப் பற்றியதுதான்.

பவர்பாயிண்டில் ஒரு படத்தை இரண்டு விதமாகச் சேர்க்கலாம். ஒன்று, படத்தையே தூக்கி ஃபைலுக்குள் வைத்துவிடுவது. மற்றொன்று, படத்தை அது இருக்கும் இடத்திலேயே விட்டுவிட்டு, அதன் விலாசத்தை மட்டும் ஃபைலில் எழுதிவைப்பது. இதற்கு 'லிங்க்' என்று பெயர். விருந்தாளியை வீட்டுக்கு அழைத்து வந்து உட்கார வைப்பதற்கும், "மாதுங்காவில் இன்ன தெருவில் இருக்கிறார்" என்று சீட்டில் எழுதிப் பையில் வைத்துக்கொள்வதற்கும் உள்ள வித்தியாசம். சொந்தக் கம்ப்யூட்டரில் திறக்கும்போது விலாசம் சரியாக இருக்கும், படம் வந்துவிடும். அதே ஃபைலைப் பென் டிரைவில் போட்டு சங்கத்து லேப்டாப்பில் திறந்தால், சீட்டு இருக்கிறது, ஆள் இல்லை. அப்போது பவர்பாயிண்ட் அந்தக் கட்டத்துக்குள் சிறு எழுத்தில் ஒரு செய்தியும் போடும்: இணைத்த படத்தைக் காட்ட இயலவில்லை, அது இடம் மாறியிருக்கலாம், பெயர் மாறியிருக்கலாம், நீக்கப்பட்டிருக்கலாம் என்று. அந்தச் செய்தியைப் பெரும்பாலோர் படிப்பதில்லை. படித்தால் பாதி வைத்தியம் முடிந்தது.

இந்த மென்பொருளின் வரலாறு நமக்கு அவசியமில்லைதான். ஆனாலும் ஒன்று சொல்லவேண்டும். ராபர்ட் காஸ்கின்ஸ், டென்னிஸ் ஆஸ்டின் என்ற இருவர் ஃபோர்தாட் என்ற சிறிய கம்பெனியில் உருவாக்கி, 1987-இல் ஆப்பிள் மெக்கின்டாஷ் கம்ப்யூட்டருக்காக வெளியிட்டது அது. முதல் பதிப்பில் வண்ணமே கிடையாது, கறுப்பு வெள்ளைதான். அதே ஆண்டு மைக்ரோசாஃப்ட் 1 கோடியே 40 லட்சம் டாலருக்கு அந்தக் கம்பெனியை வாங்கியது. விண்டோஸுக்கான பதிப்பு 1990-இல் வந்தது. அதற்கு முன்பெல்லாம் 'ஸ்லைடு' என்றால் அட்டைச் சட்டத்துக்குள் இருக்கும் நிஜமான பிலிம் துண்டு. வட்டமான தட்டில் அடுக்கி, 'கடக் கடக்' என்று தள்ளும் கோடக் காரௌசல் புரொஜெக்டரைப் பார்த்தவர்கள் நம்மில் இன்னும் இருக்கிறார்கள். அதில் படம் தலைகீழாக வரும், இடவலம் மாறி வரும், பல்பு போய்விடும். ஆனால் படம் காணாமல் போய் அதன் விலாசம் மட்டும் திரையில் வந்ததில்லை. கோடக் கம்பெனி 2004-இல் ஸ்லைடு புரொஜெக்டர் செய்வதையே நிறுத்திவிட்டது.

அந்த 2004-ஆம் ஆண்டுதான் நம் கதையும் தொடங்குகிறது.

அந்த வருஷத்து விழாவுக்காக, உறுப்பினர் ஒருவரின் மகன், அப்போது கல்லூரி மாணவன், வீடு வீடாகப் போய்ப் பழைய ஆல்பங்களை வாங்கி வந்தான். குர்லா, கலீனா, செம்பூர், சயான் என்று அலைந்து, போட்டோக்களை ஒவ்வொன்றாக ஸ்கேன் செய்து, 60 ஸ்லைடுகளில் 84 படங்களை அடுக்கி ஒரு காட்சி தயாரித்தான். விழாவில் அது ஓடியபோது பழைய உறுப்பினர்கள் எழுந்து நின்று கைதட்டியது நினைவிருக்கிறது. ஆல்பங்களையெல்லாம் பொறுப்பாக அவரவர் வீட்டில் திருப்பிக் கொடுத்துவிட்டான். ஃபைலைச் சி.டி.யில் எழுதி கமிட்டியில் ஆளுக்கொன்று கொடுத்தான். அத்தனை பொறுப்பான பையன்.

மறு வருஷம் ஜூலை 26. மும்பைக்காரர்களுக்கு அந்தத் தேதியை விளக்க வேண்டியதில்லை. சாந்தாகுரூஸில் 24 மணி நேரத்தில் 944 மில்லிமீட்டர் மழை. மித்தி ஆறு கரை உடைத்துக் கலீனாவுக்குள்ளும் குர்லாவுக்குள்ளும் புகுந்தது. தரைத்தள வீடுகளில் கட்டில் உயரத்துக்கு, சில இடங்களில் அதற்கும் மேலே தண்ணீர். அரிசி, மெத்தை, ஃப்ரிட்ஜ் எல்லாம் பிறகு வாங்கிக்கொள்ளலாம். பீரோவின் அடித்தட்டில் இருந்த ஆல்பங்களை எங்கே வாங்குவது? நம் சங்கத்து அறையும் தரைத்தளம்தான். இரும்பு அலமாரியின் கீழ்த்தட்டுகளில் இருந்த பழைய போட்டோக்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, பிரித்தால் முகம் எதிர்ப்பக்கத்துத் தாளோடு போயிற்று.

ஆக, 2004-இல் அந்தப் பையன் ஸ்கேன் செய்த படங்களில் பலவற்றுக்கு அசல் இப்போது இல்லை. அந்த பவர்பாயிண்ட் ஃபைல்தான் அசல். இது அன்றைக்கு யாருக்கும் உறைக்கவில்லை. சி.டி.க்கள் அவரவர் வீட்டுப் பரணில் தூங்கின.

சென்ற ஆண்டு கமிட்டியில் யாரோ "பழைய படங்களை வைத்து ஒரு மலர் போடலாமே" என்று சொல்ல, சி.டி. ஒன்று என்னிடம் வந்தது. போட்டுப் பார்த்தேன். 84 படங்களில் 23 இடத்தில் சிவப்புப் பெருக்கல் குறி.

அதே வாரத்தில் ஒரு போன். நம் சங்கத்தின் பழைய உறுப்பினர் ஒருவரின் மனைவி. இப்போது மகளோடு வாஷியில் இருக்கிறார், வயது 78. கணவர் 1998-இல் காலமானவர். நம் நாடகங்களில் அவர் நடித்ததில்லை. மேக்கப் போடுவதும் திரை இழுப்பதும் அவர் வேலை. கலீனாவில் தரைத்தள வீடு.

"தம்பி, பழைய போட்டோ எல்லாம் உங்ககிட்ட வந்திருக்குன்னு சொன்னாங்க. அவரு எங்கயாவது இருக்காரான்னு பாருங்க. எங்கிட்ட இருக்கிறது பாஸ்போர்ட் போட்டோவைப் பெரிசு பண்ணினது ஒண்ணுதான். அதுல அவரு சிரிக்கவே இல்லை. அவரு சிரிக்காத ஆள் இல்லை தம்பி."

"பார்க்கிறேன்மா" என்று சொல்லிவிட்டு 60 ஸ்லைடையும் இரண்டு தடவை பார்த்தேன். திரை இழுப்பவர் எந்தப் போட்டோவில் நடுவில் நிற்பார்? பொன்னாடை, மாலை, தலைவர், சிறப்பு விருந்தினர். அவர் இல்லை.

இங்கே கொஞ்சம் மெஷினைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

2007-ஆம் ஆண்டு ஆஃபீஸ் பதிப்பிலிருந்து பவர்பாயிண்ட் ஃபைலின் வால் 'பி.பி.டி.' என்பதிலிருந்து 'பி.பி.டி.எக்ஸ்.' என்று மாறியது. அந்த 'எக்ஸ்' வெறும் அலங்காரமல்ல. புதிய வகை ஃபைல் உண்மையில் ஒரு மூட்டை. பல சின்னச் சின்ன ஃபைல்களை 'ஜிப்' முறையில் சுருட்டிக் கட்டியது. ஃபைலுக்கு ஒரு நகல் எடுத்துக்கொண்டு, நகலின் பெயரில் கடைசியில் உள்ள 'பி.பி.டி.எக்ஸ்.' என்பதை அழித்து 'ஜிப்' என்று எழுதினால் மூட்டை அவிழும். விண்டோஸ் பொதுவாக இந்த வாலை மறைத்துவைக்கும், 'வியூ' பகுதியில் 'ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ்' என்பதை டிக் செய்தால் தெரியும். பெயரை மாற்றும்போது ஃபைல் பயனற்றுப் போகலாம் என்று ஓர் எச்சரிக்கை வரும். நகல்தானே, பயப்படாமல் 'யெஸ்' சொல்லலாம்.

உள்ளே 'பி.பி.டி.' என்ற போல்டர், அதற்குள் 'மீடியா' என்ற போல்டர். ஃபைலுக்குள் குடியிருக்கும் படங்கள் அத்தனையும் அங்கே 'இமேஜ் 1', 'இமேஜ் 2' என்று வரிசையாக நிற்கும். பக்கத்தில் 'ஸ்லைட்ஸ்' என்ற போல்டரில், ஒவ்வொரு ஸ்லைடுக்கும் ஒரு சீட்டு உண்டு. இந்த ஸ்லைடில் வரும் படம் மீடியாவில் உள்ள 5-ஆம் நம்பர் என்றோ, வெளியே இன்ன டிரைவில் இன்ன போல்டரில் இருக்கிறது என்றோ அதில் எழுதியிருக்கும். நோட்பேடில் திறந்தாலே படிக்கலாம். படம் வரவில்லை என்றால் முதலில் பார்க்க வேண்டிய இடம் 'மீடியா' போல்டர். அங்கே படம் இருந்தால் உயிர் இருக்கிறது. இல்லையென்றால் விலாசம்தான் மிச்சம்.

நம் சி.டி.யில் இருந்தது பழைய வகை 'பி.பி.டி.' அது மூட்டையல்ல, ஒரே கட்டி. ஆகவே அதைப் புதிய பவர்பாயிண்டில் திறந்து, 'சேவ் ஆஸ்' கொடுத்துப் புதிய வகையாக மாற்றிக்கொள்ள வேண்டும். மாற்றுவதற்கு முன் ஒரு காரியம் மிக முக்கியம். 'ஃபைல் – ஆப்ஷன்ஸ் – அட்வான்ஸ்ட்' பகுதியில் 'டு நாட் கம்ப்ரெஸ் இமேஜஸ் இன் ஃபைல்' என்று ஒரு கட்டம் உண்டு. அதை டிக் செய்துவிட வேண்டும். இல்லையென்றால் பவர்பாயிண்ட் சேமிக்கும்போது, இடம் மிச்சம் பிடிப்பதாக எண்ணிப் படங்களைச் சுருக்கலாம். ஆபீஸ் பிரசன்டேஷனுக்கு அது சரி. அசல் அழிந்துபோன போட்டோவுக்கு அது கசாப்பு வேலை.

அப்படி மாற்றி, மூட்டையை அவிழ்த்தேன். மீடியா போல்டரில் 61 போட்டோக்கள், பின்னணிக் கோலம் ஒன்று. 84-இல் 23 போனால் 61, கணக்குச் சரி. ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்துக்கொண்டே போனேன்.

38-ஆம் படத்தில் கை நின்றது. ஸ்லைடில் நான் பார்த்திருந்த அந்தப் படத்தில் இருவர்தான். பொங்கல் விழா, சிறப்பு விருந்தினரும் தலைவரும் கைகுலுக்குகிறார்கள். இங்கே திறந்தபோது அதே கைகுலுக்கல் நடுவில் சிறிதாக இருக்க, சுற்றிலும் முழு மேடை. பதினோரு பேர். இடப்பக்கம் ராஜா வேஷத்தில் கிரீடத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஒருவர், பின்னால் தம்பூராவோடு ஒரு பெண்மணி. வலக்கோடியில், திரைக்கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு, சட்டையெல்லாம் அரிதாரக் கறையோடு ஒரு மனிதர். வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருக்கிறார்.

நடந்தது இதுதான். பவர்பாயிண்டில் ஒரு படத்தை 'கிராப்' செய்தால், அதாவது ஓரங்களை வெட்டினால், உண்மையில் எதுவும் வெட்டப்படுவதில்லை. முழுப் படமும் உள்ளேயே இருக்கிறது, ஜன்னலைத்தான் சிறிதாக்குகிறோம். படத்தின் மீது கிளிக் செய்து மறுபடி 'கிராப்' அழுத்தினால் மறைந்த பகுதி மங்கலாகத் தெரியும். 'ரீசெட் பிக்சர் அண்ட் சைஸ்' என்று கொடுத்தால் முழுப் படமும் வந்துவிடும். ஆனால் 'கம்ப்ரெஸ் பிக்சர்ஸ்' என்ற கட்டளையில் 'டிலீட் க்ராப்டு ஏரியாஸ்' என்று ஒரு கட்டம் உண்டு. அதை யாராவது ஒரு தடவை ஓட்டிச் சேமித்திருந்தால் ஜன்னலுக்கு வெளியே இருந்தவர்கள் நிரந்தரமாகப் போயிருப்பார்கள். ஃபைல் பெரிதாக இருக்கிறது, வாட்ஸப்பில் போகவில்லை என்று அதைச் செய்பவர்கள் இன்று ஏராளம். நம் அதிர்ஷ்டம், இந்தச் சி.டி.யை இருபது வருஷமாக யாரும் தொடவே இல்லை.

அவரை நான் நேரில் பார்த்ததில்லை. ஆகவே படத்தை அந்த அம்மாவின் மகளுக்கு, போட்டோவாக அல்லாமல் 'டாக்குமெண்ட்' என்று தேர்ந்தெடுத்து வாட்ஸப்பில் அனுப்பினேன். (போட்டோவாக அனுப்பினால் வாட்ஸப்பும் தன் பங்குக்குச் சுருக்கும்.) அரை மணி நேரம் பதிலில்லை. பிறகு அம்மாவே பேசினார்.

"அவருதான் தம்பி. அந்தச் சட்டையை நான்தான் மறுநாள் துவைச்சேன். கறை போகவே இல்லை."

வேறு ஒன்றும் சொல்லவில்லை. மகள் போனை வாங்கிக்கொண்டு, அதைப் பெரிதாகப் பிரிண்ட் போட முடியுமா என்று கேட்டார். 300 புள்ளி அடர்த்தியில் ஸ்கேன் செய்த படம், போஸ்ட் கார்டு அளவுக்கு அருமையாக வரும். முகத்தை மட்டும் பெரிதாக்கினால் கொஞ்சம் பிசிறு தட்டும். அவர்கள் முகத்தை மட்டும் வேண்டாம், கயிற்றோடு வேண்டும் என்றார்கள்.

மற்ற 60 படங்களையும் அதே மாதிரி ஜன்னலைத் திறந்து பார்த்ததில், 14 படங்களில் ஓரத்தில் ஆட்கள் இருந்தார்கள். பந்தி பரிமாறுபவர்கள், மைக் செட்காரர், தாயின் புடவையைப் பிடித்துக்கொண்டு நிற்கும் குழந்தைகள். அந்தக் குழந்தைகளில் ஒருவர் இன்று நம் பொருளாளர்.

அந்தப் 23-க்கு வருகிறேன். 'ஃபைல் – இன்ஃபோ' பக்கத்தில் கீழ் மூலையில் 'எடிட் லிங்க்ஸ் டு ஃபைல்ஸ்' என்று ஒரு வரி இருக்கும். லிங்க் உள்ள ஃபைல்களில் மட்டும்தான் அது தென்படும். அழுத்தினால் விலாசங்களின் பட்டியல் வரும். நமக்கு வந்தது: டி டிரைவ், 'ஜூபிலி' போல்டர், அதற்குள் 'ஸ்கேன் 2', அதற்குள் 23 பெயர்கள். பையன் பெயர் வைத்திருந்த அழகைச் சொல்லவேண்டும். 'டிராமா 77-2', 'பொங்கல் 81-1' என்று நிகழ்ச்சியும் வருஷமும் போட்டு வைத்திருக்கிறான். படம் போனாலும் அது எதன் படம் என்பது போகவில்லை. இன்றைய செல்போன் படங்களுக்குத் தானாக விழும் நீண்ட நம்பர்களாக இருந்திருந்தால் 23 நம்பர்தான் மிஞ்சியிருக்கும்.

அவன், மன்னிக்கவும், அவர் இப்போது குடும்பத்தோடு புனேயில் இருக்கிறார். போன் செய்தேன்.

"அங்கிள், அந்த கம்ப்யூட்டர் எப்பவோ பங்கார்வாலாகிட்ட போயாச்சே! அதுல ராம் வெறும் 128 எம்.பி. கடைசி ஸ்கேன் எல்லாம் பெரிய சைஸ். உள்ளே வெச்சா திறக்கவே பத்து நிமிஷம் ஆகும். அதான் லிங்க் குடுத்தேன்."

நியாயம்தான். போஸ்ட் கார்டு அளவு கலர் போட்டோவை 300 புள்ளியில் சுருக்காமல் ஸ்கேன் செய்தால் ஒன்றுக்கு ஆறு மெகாபைட்டுக்கு மேல் வரும். 2004-இல் அது மலை. விழாவன்று தன் சி.பி.யூ.வையே ஆட்டோவில் தூக்கிக்கொண்டு வந்து ஓட்டியதால் அன்று லிங்க் அறுந்தது யாருக்கும் தெரியவில்லை. சி.டி.யில் ஏறியது ஃபைல் மட்டும். கூடவே அந்தப் போல்டரும் ஏறியிருக்க வேண்டும்.

"அப்பாகிட்ட கேட்டுப் பாருங்க அங்கிள், பழைய சி.டி. எதையும் அவர் தூக்கிப் போட மாட்டார்" என்றார். அவர் அப்பா செம்பூரில் இருக்கிறார். உண்மையிலேயே எதையும் தூக்கிப் போடாதவர். இருபது சி.டி. அடுக்கிய ஒரு குச்சி டப்பாவில் பாதிக்கு மேல் பழைய பாட்டு. ஒன்றில் மட்டும் ஸ்கெட்ச் பேனாவில் 'ஸ்கேன் 2' என்று எழுதியிருந்தது.

சி.டி. சிரஞ்சீவி என்று விற்றார்கள். அப்படியில்லை. வீட்டில் எழுதிய சி.டி.யில் செய்தி ஒரு சாயப் பூச்சில் பதிகிறது, வெயிலும் ஈரமும் அதைத் தின்னும். மும்பையில் ஈரத்துக்குப் பஞ்சமா? முதல் டிரைவில் அந்தச் சி.டி. சுற்றிக்கொண்டே இருந்தது, ஒன்றும் வரவில்லை. இரண்டாவதில் பெயர்கள் வந்தன. மூன்றாவதில், நண்பர் ஒருவரின் பழைய டெஸ்க்டாப்பில், படங்கள் ஒவ்வொன்றாக இறங்கின. ஒரு டிரைவ் படிக்காததை இன்னொன்று படிக்கும் என்பதை இப்படிப்பட்ட வேலை செய்பவர்கள் நினைவில் வைக்கவும். 23-இல் 17 முழுதாக வந்தன. மீதி 6 பாதியில் நின்றன.

வந்த 17-ஐப் பவர்பாயிண்டுடன் சேர்ப்பது சுலபம். அதே 'எடிட் லிங்க்ஸ்' பட்டியலில் ஒவ்வொரு பெயராகத் தேர்ந்தெடுத்து 'சேஞ்ச் சோர்ஸ்' கொடுத்து, படம் இப்போது இருக்கும் இடத்தைக் காட்ட வேண்டும். சிவப்புக் குறி மறைந்து படம் வந்து நிற்கும். அப்படியே விட்டுவிட்டால் பழைய கதைதான். ஆகவே பிறகு 'பிரேக் லிங்க்' கொடுக்க வேண்டும். பெயர் ஏதோ உறவை முறிப்பது போல இருந்தாலும், அதன் பலன் படம் ஃபைலுக்குள்ளேயே குடியேறுவதுதான்.

எல்லாப் படக்காணாமையும் லிங்க் அறுந்ததால் வருவதல்ல. நம்மவர்கள் கொண்டுவரும் ஃபைல்களில் நான் பார்த்த வேறு சிலவற்றையும் சொல்லிவிடுகிறேன்.

படத்துக்குப் பதிலாக 'இந்தப் படத்தைக் காண குவிக்டைமும் டிகம்ப்ரெஸரும் தேவை' என்று ஆங்கிலத்தில் வாசகம் வந்தால், அது பழைய ஆப்பிள் மெக்கில் செய்த ஃபைல். விண்டோஸில் குவிக்டைமைத் தேடிப் போகவேண்டாம், 2016-இல் ஆப்பிள் அதற்கு ஆதரவை நிறுத்திவிட்டது. மெக் வைத்திருக்கும் ஒருவரிடம் கொடுத்து, படங்களை ஜேபெக்காகவோ பி.என்.ஜி.யாகவோ மாற்றித் தரச் சொல்வதே நேர்வழி. ஐபோனில் எடுத்த படம் இன்னொரு வகை. 2017 முதல் ஐபோன்கள் 'ஹெய்க்' என்ற முறையில் படத்தைச் சேமிக்கின்றன. எல்லா விண்டோஸ் கம்ப்யூட்டரும் அதைப் படிப்பதில்லை. ஜேபெக்காக மாற்றிவிட்டுச் சேர்ப்பது நலம்.

ஈமெயிலில் வந்த ஃபைலைத் திறந்ததும் மேலே மஞ்சள் பட்டை தெரிந்தால் அது பாதுகாப்புப் பார்வை. அதில் வெளிப்படங்கள் வராமல் இருக்கலாம். அனுப்பியவர் தெரிந்தவர் என்றால் 'எனேபிள் எடிட்டிங்' கொடுக்கலாம். தெரியாதவர் என்றால் படம் வராமல் இருப்பதே நல்லது. ஜிப் மூட்டையை அவிழ்க்காமல் உள்ளேயே இரட்டைக் கிளிக் செய்து திறப்பது இன்னொரு வழக்கம். விண்டோஸ் அந்த ஒரு ஃபைலை மட்டும் எங்கோ தற்காலிகமாக எடுத்துவைத்துக் காட்டும். பக்கத்திலிருந்த படங்கள் மூட்டைக்குள்ளேயே கிடக்கும். யூட்யூப் வீடியோ எப்போதும் விலாசம்தான், அரங்கத்தில் நெட் இல்லையென்றால் இல்லைதான்.

பென் டிரைவைச் சேமித்து முடிக்குமுன் பிடுங்கினால் மூட்டையே கிழியும். திறக்கும்போது 'ரிப்பேர் செய்யட்டுமா?' என்று கேட்கும். அது படிக்க முடியாததை விலக்கிவிட்டு மீதியைக் காட்டும். அதனால் ரிப்பேர் கொடுக்குமுன் ஒரு நகல் எடுத்து வைத்துக்கொள்ளவேண்டும். சில சமயம் புதிய காலி ஃபைல் ஒன்றைத் திறந்து, 'ரீயூஸ் ஸ்லைட்ஸ்' மூலம் பழையதை உள்ளே இழுத்தால் ரிப்பேரில் போன படங்கள் கூட வரும்.

விழாவில் ஓட்டுவதற்காகக் கொண்டுவருபவர்களுக்கு ஒரே ஒரு வேண்டுகோள். 'ஃபைல் – எக்ஸ்போர்ட்' பகுதியில் 'பேக்கேஜ் பிரசன்டேஷன் ஃபார் சி.டி.' என்று ஒன்று உண்டு. சி.டி. என்ற பெயரைப் பார்த்து ஒதுக்காதீர்கள், சாதாரணப் போல்டருக்கும் அது வேலை செய்யும். லிங்க் கொடுத்த படங்கள், வீடியோ, பாட்டு எல்லாவற்றையும் தேடிப் பிடித்து ஒரே போல்டரில் சேர்த்துத் தரும். அந்தப் போல்டரை முழுதாகக் கொண்டுவாருங்கள். அரை மணி முன்னதாக வந்து சங்கத்து லேப்டாப்பிலேயே ஒரு முறை ஓட்டிப் பாருங்கள். தமிழ் எழுத்து கட்டம் கட்டமாக வருவது வேறு வியாதி, அது எழுத்துருச் சமாசாரம், இன்னொரு இதழுக்கு ஆகும்.

நம் 78 படங்களும் இப்போது ஸ்லைடிலிருந்து வெளியே எடுக்கப்பட்டு, வெட்டாத முழு வடிவில், அந்தப் பையன் வைத்த முறைப்படியே நிகழ்ச்சியும் வருஷமும் பெயராக இட்டு, மூன்று இடங்களில் இருக்கின்றன. ஒன்று சங்கத்து அறையில், அதுவும் மேல்தட்டில். மற்றொன்று செயலாளர் வீட்டில், நாலாவது மாடி. மூன்றாவது புனேயில்.

கிடைக்காத ஆறின் பெயர்களை இங்கே தருகிறேன். டிராமா 77-2. டிராமா 77-5. பொங்கல் 81-1. நூலகம் 83. கோலப்போட்டி 86-3. எலிஃபெண்டா 88-4. இந்த நிகழ்ச்சிகளின் போட்டோ எந்த நிலையில் உங்களிடம் இருந்தாலும், ஒட்டிப்போனதோ, பாதி கிழிந்ததோ, ஞாயிறு மாலை சங்கத்து அறைக்குக் கொண்டுவாருங்கள். அங்கேயே ஸ்கேன் செய்துகொண்டு உங்கள் கையிலேயே திருப்பித் தந்துவிடுவோம். 77 நாடகத்துப் படம் வைத்திருப்பவர்கள் முன்கூட்டிச் சொன்னால் வாஷி அம்மாவையும் அன்று வரச் சொல்வேன். மேக்கப் அவருடைய கணவருடையது, யார் யார் எந்த வேஷம் என்று அவர்தான் சொல்ல முடியும்.